கொதிக்க வெச்சா உப்பு போயிடுமா?

மயிலாப்பூர், அடையாறு பக்கம் குடியிருக்கீங்களா? போர் தண்ணியில பருப்பு வேகலை, சோப்பு நுரைக்கலைங்கிற புலம்பல் உங்க வீட்டிலும் இருக்கலாம். 'கொதிக்க வெச்சு வடிகட்டுங்க, சரியாயிடும்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆகாது.

கலங்கல் வேறு, கரைசல் வேறு. மண் துகள் தண்ணீரில் மிதக்கிறது. துணியில் தங்கும், படிகாரம் போட்டால் அடியில் படியும். உப்பு அப்படியில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு சோடியத்தையும் குளோரைடையும் தனித்தனியாகப் பிரித்து இழுத்துப் போய்விடும். பிறகு எந்தத் துணியிலும் சிக்காது. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணி கரிப்பது இதனால்தான்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நல்லதுதான். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும். ரொம்ப நேரம் சுண்டவிட்டால் கரிப்பு கூடத்தான் செய்யும்! விதிவிலக்கு, கால்சியம் பைகார்பனேட். சூடு பட்டதும் கரையாத கார்பனேட்டாகிப் படிந்துவிடும். கெட்டில் அடியில் இருக்கிற வெள்ளைப் பொருக்கு அதுதான். கொஞ்சம் வினிகர் ஊற்றுங்க, போயிடும்.

கரைந்த உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும். வாங்குவதற்கு முன் டிடிஎஸ் பாருங்க. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை. மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் தோராயமாகச் சொல்லும். என்ன கரைந்திருக்கிறது, கிருமி இருக்கிறதா என்பதற்கு லேப் டெஸ்ட்தான்.

கடலோரத்தில் நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே வரும். 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழாய் உங்க அபார்ட்மென்ட்டில் இப்போ எங்கே போகுது, கிணத்துக்கா, தெருவுக்கா?