மேச்சேரிக் கிடாயின் உள்ளே ஒரு துப்புரவு

சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆட்டுக்குக் கறியாலும் தோலாலும் பெயர். பொட்டனேரியில் அதற்கென்றே 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தச் செம்பழுப்புக் கிடாயின் விரைக்குள் நடப்பதுதான் எனக்குப் பெரிய அதிசயம். வளர்ந்த கிடா நாளொன்றுக்குப் பல நூறு கோடி விந்தணுக்களை உண்டாக்கும். நாம் கண்ணை ஒருமுறை இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் உருவாக ஏறத்தாழ ஏழு வாரம். ஆனால் புறப்படுகிற செல்களில் பெரும்பங்கு வழியிலேயே மடிகிறது. எலியில் முக்கால் பங்கு வரை என்பது ஒரு கணக்கு.

இத்தனை பிணங்களை யார் அகற்றுவது?

உடலின் மற்ற இடங்களில் பெருவிழுங்கி என்ற காவல் செல்கள் வந்து தின்றுவிடும். இங்கே அவற்றுக்கு அனுமதியில்லை. விந்தணு பருவ வயதில்தான் முளைக்கிறது; நோயெதிர்ப்பு மண்டலமோ 'நம்மவர்' யாரென்று அதற்கு வெகுமுன்பே கற்று முடித்துவிடுகிறது. உள்ளே விட்டால் விந்தணுவை அந்நியன் என்று தாக்கும். அதனால் விந்து உருவாகும் நுண்குழாய்க்குள் ஒரு மதில் உண்டு. வளரும் செல் அதைக் கடக்கும்போது, பின்னால் புதுக்கதவு அடைத்த பிறகே முன்கதவு திறக்கிறது!

மதிலைக் கட்டுவது செர்டோலி செல்கள். 1865-இல் இத்தாலிய இளைஞர் என்ரிகோ செர்டோலி, மரம்போல் கிளைவிட்ட இவற்றை விவரித்தார். வளரும் விந்துச் செல்களை மடியில் வைத்து ஊட்டும் செவிலி இவைதான். பிணம் தூக்குவதும் இவையேதான்.

செத்ததை எப்படி அறிகின்றன? செல்லின் உறை இரண்டு அடுக்குக் கொழுப்பு. பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பை உயிருள்ள செல் உள்ளடுக்கில் மறைத்து வைக்கும். சாகும் செல்லில் அது வெளியே புரண்டுவிடும். செர்டோலி செல் அதைத் தொட்டறிந்து, வளைத்து, விழுங்கிச் செரிக்கிறது. செரித்த கொழுப்பை எரிபொருளாகவும் ஆக்கிக்கொள்கிறது. தேர்ச்சி பெற்ற விந்தணுவும் கிளம்பும்முன் தன் உபரிச் சதையை ஒரு பொட்டலமாக உதிர்க்கும். அதன் மீதும் அதே அடையாளம், அதுவும் இரைதான். விழுங்க உதவும் ஒரு மரபணுவை எலிகளில் நீக்கிய ஆய்வு 2010-இல் வெளியானது: பிணங்கள் தேங்கின, விந்தணு குறைந்தது.

கிடாயின் உடல் வெப்பம் 39 டிகிரி. விரை அதைவிட நாலைந்து டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். கோடையில் விரை சூடேறினால் நடுப்பருவச் செல்கள் கூட்டமாகச் சாகும், செவிலிக்கு வேலை கூடும். அன்றைய விந்தில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அது முன்பே உருவானது. குறை தெரிய இரண்டு மூன்று வாரமாகும். சினைக்கு விடுகிறவர் அதற்குள் வெயிலையே மறந்திருப்பார்.