மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள், மெமோ எங்கே?

தேர்வறையில் துண்டுச்சீட்டு, விடுதியில் அடிதடி, வளாகத்தில் கோஷம் என எதில் மாட்டினாலும் பல கல்லூரிகளில் நடப்பது ஒன்றுதான். மாணவரின் அப்பாவுக்குப் போன் போகும். அவர் அலறியடித்து வந்து சேர்வதற்குள் முதல்வர் மேசையில் வெள்ளைத்தாள் தயாராக இருக்கும். "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பெருசாக்க வேண்டாம்" என்பார்கள். பையன் 'தவறை ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுத, அப்பா கீழே கையெழுத்துப் போடுவார். சில நாளில் சஸ்பென்ஷன் ஆணை வரும். அதற்கு முதல் ஆதாரம் அந்தக் கடிதம்தான்.

ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கல்லூரிக்கு அதிகாரம் உண்டு. மாணவர் தரப்பைக் கேட்காமல் தண்டிக்க அதிகாரம் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் காப்பி அடித்ததாகத் தேர்வு முடிவை ரத்துசெய்த வாரியத்திடம் உச்ச நீதிமன்றம் 1962-லேயே இதைச் சொல்லிவிட்டது. அதற்காக சினிமாவில் வருவதுபோலக் குறுக்கு விசாரணையை எதிர்பார்க்க வேண்டாம். ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரியில் பெண்கள் விடுதிக்குள் புகுந்த மாணவர்களின் வழக்கில், புகார் சொன்ன மாணவிகளை அவர்கள்முன் நிறுத்தாமல் விசாரித்தது சரியே என்று 1973-இல் அதே நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அங்கேகூடக் குற்றச்சாட்டு இன்னது என்று சொல்லி விளக்கம் கேட்டிருந்தார்கள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது மெமோ. எந்தத் தேதியில், எங்கே, என்ன செய்ததாகக் குற்றச்சாட்டு, கல்லூரியின் எந்த விதி மீறப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அங்கேயே எழுதித்தான் ஆக வேண்டும் என்று நெருக்கினால், நடந்ததை மட்டும் எழுதி, 'மெமோ கிடைத்ததும் முழு விளக்கம் தருகிறேன்' என்று முடித்து, கொடுக்கும்முன் செல்போனில் படமெடுத்துக்கொள்ளலாம். தப்பு நிஜமாகவே நடந்திருந்தால் மன்னிப்பை மெமோவுக்கான பதிலில் கேட்கலாம். அதுவரை வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். அப்பாவும் போட வேண்டாம்.

பதிலை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். "சார்கிட்ட சொல்லிட்டேன்" என்பது எந்தக் கோப்பிலும் ஏறாது. முத்திரை போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட் ரசீது போதும்.

தண்டனை ஆணை வந்துவிட்டால் உடனே கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள், அல்லது எம்.எல்.ஏ. வீட்டுக்கு. நடுவில் இருக்கும் கதவு பலருக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய கல்லூரிகளும் வாய் திறப்பதில்லை. யுஜிசியின் 2023 விதிமுறைப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு இருந்தாக வேண்டும். கல்லூரி தன் விதியைத் தானே மீறி நடவடிக்கை எடுத்தால், பணம் கறக்க அசல் சான்றிதழைப் பிடித்துவைத்தால், அங்கே எழுத்தில் புகார் தரலாம். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்மேனிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் யார் என்ற விவரம் இணையதளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் புகாரில் சேர்க்கலாம்.

ராகிங் தனிக் கணக்கு. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு வந்த 1997 தமிழகச் சட்டப்படி இரண்டாண்டு வரை சிறை உண்டு. முதல்வர் அறையில் கைகுலுக்கவைத்து முடிக்கும் விஷயமல்ல அது. பாதிக்கப்பட்டவர் 1800-180-5522 என்ற எண்ணை அழைக்கலாம்.

அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் விசாரணைக் கோப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். அந்த மனுவைக் குறைதீர்ப்புக் குழுவிடம் போகும் அன்றே போட்டுவிட வேண்டும். அந்த மனுவுக்குப் பதில் தரக் கல்லூரிக்கு 30 நாள் அவகாசம். குழு முடிவு வரட்டும் என்று காத்திருந்தால், நகல் வரும்போது மேல்முறையீட்டுக் கெடு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும்.