பாதிக் கதை எழுதாதீர்கள்: சமையலறையில் ஒரு நீராவிப் படகு

உயர்நிலை மூன்று மாணவர்களிடம் "நீராவி இயந்திரம் எப்படி இயங்குகிறது?" என்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன். பலரும் எழுதியது ஒரே வாக்கியம்தான்: "தண்ணீர் ஆவியாகி இயந்திரத்தைத் தள்ளுகிறது." தப்பில்லை. ஆனா அது பாதிக் கதை. தள்ளி முடித்த ஆவி அப்புறம் என்ன ஆகுது?

அதைக் கண்ணால் காட்ட, பாசிர் ரிஸ்ஸில் என் வீவக வீட்டுச் சமையலறையில் சின்ன நீராவிப் படகு ஒன்று செய்தேன். ஊர்த் திருவிழாக் கடைகளில் 'டப டப'னு ஓடுமே, அந்தத் தகரப் படகின் எளிய வடிவம். இந்த வகைப் படகுக்குத் தாமஸ் பியோ என்பவர் 1891இல் பிரிட்டனில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

முதலில் ஓர் எச்சரிக்கை. மூடிய டப்பாவிலோ அடைபட்ட குழாயிலோ தண்ணீரைச் சூடாக்கவே கூடாது. தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் அதிகமான இடம் கேட்கும். வழி இல்லையென்றால் வெடிக்கும். இந்தப் படகில் குழாயின் இரு முனைகளும் திறந்தே இருக்கும். இருந்தாலும், மாணவர்களே, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்க.

செய்முறை

3 மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய செம்புக் குழாய் 30 சென்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்க. அதன் நடுப்பகுதியைத் தடித்த பேனாமேல் மெதுவாக இரண்டு சுற்று சுற்றுங்க. ஊதிப் பார்த்து, அடைப்பு இல்லை என்று உறுதி செய்யுங்க. சுருளை அலுமினிய உணவுத் தட்டின் நடுவில் நிறுத்தி, இரு முனைகளையும் பின்விளிம்புக்கு மேலாக வளைத்து, தண்ணீருக்குள் பின்னோக்கி இருக்கும்படி அமையுங்க. ஊசியில்லாத சிரிஞ்சால் குழாய் முழுக்கத் தண்ணீர் ஏற்றி, முனைகளை விரலால் மூடியபடி படகைத் தொட்டியில் இறக்கி, முனைகள் நீருக்குள் போனதும் விரலை எடுங்க. சுருளுக்கு அடியில் குட்டி மெழுகுவர்த்தியை ஏற்றுங்க.

என்ன நடக்கிறது?

சுருளில் உள்ள நீர் ஆவியாகிறது. ஆவி விரிந்து, குழாயில் மிஞ்சிய நீரைப் பின்னால் பீய்ச்சித் தள்ளுகிறது. படகு முன்னே நகர்கிறது. பின்பு, குளிர்ந்த பகுதிக்கு வந்த ஆவி மீண்டும் நீராகிச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைவதால் வெளிநீர் உள்ளே ஏறுகிறது. மறுபடியும் சூடு, மறுபடியும் ஆவி.

"சார், தண்ணிய உள்ள இழுக்கும்போது படகு பின்னால வரணுமே?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வெளியேறும் நீர் ஒரே திசையில் பாய்கிறது. உள்ளே வரும் நீரோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. அதனால் முன்னோக்கிய தள்ளலே மிஞ்சுகிறது.

மெருகேற்றுதல்

என் முதல் படகு அசையவே இல்லை. குழாய்க்குள் காற்று தங்கியிருந்தது. அடுத்த தடவை சுடர் தள்ளி இருந்தது. அப்போது கற்றது இது: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்க. மூன்று முறை ஓட்டி, நேரத்தைக் குறித்து வையுங்க. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

ஜேம்ஸ் வாட்டும் ஒரு சின்ன மாதிரியில்தான் தொடங்கினார். 1763-64இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நியூகோமன் இயந்திர மாதிரி பழுதுபார்க்க அவரிடம் வந்தது. ஒவ்வொரு முறையும் உருளையைக் குளிரவைத்து மறுபடி சூடாக்குவதிலேயே ஆவியின் பெரும்பகுதி வீணாவதை அவர் கண்டார். ஆவியைத் தனிக் கலத்தில் குளிரவைக்கலாம் என்ற யோசனை 1765இல் பிறந்தது. காப்புரிமை 1769இல் கிடைத்தது. அவரும் கேட்டது அதே கேள்விதான்: ஆவி அப்புறம் என்ன ஆகுது?

விளக்கக் கட்டுரை எழுதும்போதும் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் இரண்டு கேள்வி கேளுங்க: "அடுத்து என்ன? ஏன்?" விடையை 'அதனால்', 'பின்பு', 'மீண்டும்' என்ற சொற்களால் இணையுங்க. படகு ஓடியதைப் பார்த்த பிறகு என் மாணவர்கள் அதே பத்தியைத் திரும்ப எழுதினார்கள். இந்தத் தடவை ஆவி குளிர்ந்து, நீராகி, திரும்பியும் வந்தது.