லேப்டாப்புக்கு ஏன் மூச்சு வாங்குது?

உங்க வீட்டு லேப்டாப் தோசைக்கல் மாதிரி சுடுதா? விசிறி 'உர்ர்'னு கத்துதா? பல வீடுகளில் அண்ணன், அக்காவுக்கு அரசு கொடுத்த லேப்டாப்தான் இருக்கு. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தாங்க. அந்த லினக்ஸ் குடும்பத்திலேயே சூட்டைக் குறைக்கும் வழியும் இருக்கு.

முதலில், சூடு எங்கிருந்து வருது? பிராசஸருக்குள் நொடிக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகள். அதற்குச் செலவாகும் மின்சாரம் எல்லாம் கடைசியில் வெப்பமாக மாறுகிறது. அதை வெளியே தள்ளத்தான் விசிறி ஓடுது. அதனால் விசிறியை நிறுத்தக் கூடாது, வெப்பத்தைத்தான் குறைக்கணும். சூடு அளவு மீறினால் லேப்டாப் தானாகவே அணைந்துவிடும். சேமிக்காத பிராஜெக்ட் போச்சு! பேட்டரியின் ஆயுளும் குறையும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. துடிப்புக்கான மின்செலவு, வோல்டேஜின் வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் அளவைப் பொறுத்தது. வேகம் குறைந்தால் குறைந்த வோல்டேஜே போதும். இரண்டையும் 20 சதவீதம் குறைத்தால்,

0.8 × 0.8 × 0.8 = 0.512

வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையுது. மின்செலவோ ஏறக்குறைய பாதியாகுது!

இதைப் பார்த்துக்கொள்ள லினக்ஸ் கெர்னலில் 'கவர்னர்' என்ற பகுதி உள்ளது. வேலை கூடினால் வேகத்தை ஏற்றும், குறைந்தால் இறக்கும். 2016-ல் வந்த 4.7 கெர்னலில் 'ஷெட்யூட்டில்' என்ற கவர்னர் சேர்ந்தது. வேலையே இல்லாதபோது பிராசஸரைத் தூங்க வைக்கும் வசதியும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை:

1. புதிய உபுண்டுவில் செட்டிங்ஸ் போய், பவர் பகுதியில் 'பவர் சேவர்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். படிக்க, எழுத அது போதும். வீடியோ எடிட் செய்யும்போது மட்டும் 'பேலன்ஸ்டு'க்கு மாற்றுங்கள்.

2. டெர்மினலில் 'டாப்' என்று டைப் செய்யுங்கள் (டி, ஓ, பி என்ற மூன்றே எழுத்து). பிராசஸரை அதிகம் தின்னும் புரோகிராம் முதலில் நிற்கும். தேவையில்லை என்றால் மூடிவிடுங்கள்.

3. மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். காற்று போகும் துவாரம் அடைபடும்.

4. இத்தனைக்கும் சூடு குறையலையா? உள்ளே தூசி சேர்ந்திருக்கும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். தூசி தட்டுவது மட்டும் எந்த மென்பொருளாலும் முடியாது!

புது லேப்டாப் வாங்க எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. இருப்பதைக் காப்பாற்றுவோம். இன்றைக்கே செய்து பாருங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும்.