விசனமும் இழுப்பும்

சுங்கை ஆயர் தாவாரைச் சுற்றியுள்ள தென்னை, செம்பனைத் தோட்டங்களில், ஒருவருக்கு இழுப்புக் கண்டால், புகையா பனியா என்று ஆராய்வதற்கு முன்னரே வீட்டில் என்ன விசனம் என்று கேட்கும் பாட்டிமார்களிடையே வளர்ந்தவன் நான். அக்கேள்வியில் சாரமில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சுண்டெலிகளைக் கொண்டு நடந்த பரிசோதனைகளை வாசித்த பின்னரே அதன் அருமை புலப்பட்டது.

இழுப்பு எனப்படும் ஆஸ்துமா சுண்டெலிக்குத் தானாக வருவதில்லை. ஆகையால் ஆராய்ச்சியாளர், கோழிமுட்டை வெண்கருவின் புரதத்தை ஊசிவழி செலுத்தி, அதன் சரீரம் அப்பொருளைப் பகையென்று கொள்ளுமாறு செய்துவிட்டு, பின்னர் அதே புரதத்தை நுண்துளிகளாகச் சுவாசிக்க வைக்கிறார்கள். அப்பொழுது சுவாசக் குழாய்களில் இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் திரள, சளி பெருக, சிறு தூண்டுதலுக்கும் குழாய்கள் இறுகிக்கொள்கின்றன. இவ்விதம் ஆயத்தம் செய்த எலிகளைப் பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் ஒலியால் வருத்தியபோது, இவ்வணுக்களும் இறுக்கமும் மிகுந்தன என்று 2003-இல் வெளியிட்டார்கள்.

ஆயினும் இங்கே ஒரு புதிர் இருக்கிறது. அச்சம் நேர்ந்தவுடன் சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரினல் சுரப்பி சொரியும் ஹார்மோன், அழற்சியைத் தணிப்பதேயன்றி வளர்ப்பதன்று. ஆஸ்துமாக்காரர் நாள்தோறும் உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தும் அதன் இனத்தைச் சேர்ந்ததே. அவ்வாறாயின் விசனம் எங்ஙனம் கேடு செய்யும்? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2004-இல் இதற்கு ஒளி காட்டினார்கள்: குறுகிய கால நெருக்கடிக்கு ஆளான எலிகளில் அழற்சி குறைந்தது, அதே நெருக்கடி நீடித்தபோது அழற்சி கூடிற்று. பின்னர் 2009-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், அமைதியாக வாழ்ந்த எலிகளின் கூண்டில் முரட்டு எலியை மீண்டும் மீண்டும் விட்டபோது, அழற்சி பெருகியதோடு, அதைத் தணிக்க வேண்டிய ஸ்டீராய்டுக்கு அவற்றின் அணுக்கள் முன்போல் கட்டுப்படவுமில்லை. ஓயாமல் அதட்டும் கங்காணியின் குரல் செவியில் ஏறாமற் போவதைப் போன்றது இது.

எலிக்கு நேர்ந்ததெல்லாம் மனிதருக்கும் நேருமென்று சாதிப்பது தகாது. புகையின் கொடுமையையும் குறைத்துக் கூறலாகாது. 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் கோலசிலாங்கூரில் அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டதை இவ்வட்டாரத்தார் மறவார். ஆனால், மருந்தைத் தவறாது உறிஞ்சியும் மூச்சு இளகாத ஒருவர் நம்மிடையே இருப்பின், மருந்தை நிறுத்தாமலே, வேலை போயிற்றா, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்களா, இரவில் உறக்கம் வருகிறதா என்று அருகில் அமர்ந்து வினவவேண்டும். அவ்வினாவும் சிகிச்சையைச் சேர்ந்ததே என்று நான் மனமார நம்புகிறேன்.