ஒரு கண், மூன்று காமிரா!

கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் போட்டோகிராபரைப் பார்த்திருக்கிறீர்களா? அவரிடம் இரண்டு, மூன்று காமிராக்கள் இருக்கும்.

எதற்கு இத்தனை?

மைதானத்தின் நீளம் 105 மீட்டர். எதிர்க்கோடியில் நடப்பதைப் படம் பிடிக்க 400 மில்லி மீட்டர் லென்ஸ் வேண்டும். அது கனமானது. ஒற்றைக் கம்பில் பொருத்தியிருப்பார்கள்.

பந்து அருகே வந்துவிட்டால், அந்த லென்சில் ஆட்டக்காரரின் முகமும் மார்பும்தான் விழும். காலடியில் உள்ள பந்து விழாது! உடனே, தோளில் தொங்கும் சிறிய காமிராவை எடுக்க வேண்டும். லென்சைக் கழற்றி மாட்ட நேரம் ஏது?

மூன்றாவது காமிரா கோல் வலைக்குப் பின்னால், தரையில் இருக்கும். ரேடியோ அலை மூலம் தூரத்தில் இருந்தே அதை இயக்கலாம்.

2022 டிசம்பர் 18. கத்தாரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அர்ஜென்டினாவும் பிரான்சும் 3—3 என்று சமநிலை. கடைசிக் கட்டம்.

பிரான்சு வீரர் கோலோ முவானி உதைத்த பந்தை, கோல் கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் காலால் தடுத்தார். சில விநாடிகளில் பந்து மறுகோடிக்குப் போய்விட்டது! அங்கே லவுட்டாரோ மார்டினெஸ் தலையால் முட்டினார். கோல் தவறியது.

இப்படிப்பட்ட நேரத்தில் காமிராவை மாற்றத் தடுமாறினால், ஒரு படம் போயிற்று. ஆட்டக்காரரை மறுபடி உதைக்கச் சொல்ல முடியுமா?

ஆகவே, பந்து வந்த பிறகு யோசிக்கக் கூடாது. அது கிளம்பும்போதே கை அடுத்த காமிராவுக்குப் போய்விட வேண்டும்!