பாட்டாளி பொறித்த பட்டயம்

மன்னன் பொறித்த கல்வெட்டுக்குக் காவல். மாடு மேய்த்தவன் பொறித்த கல்லுக்கு வெடிமருந்தா? கேட்கிறோம், தோழர்களே!

பல்லாரிக்கு அருகே குப்கல் குன்று. 1953 வரை சென்னையோடு இணைந்திருந்த சீமை. அங்கே கரும்பாறைகளிலே, நீண்ட கொம்பும் நிமிர்ந்த திமிலும் கொண்ட காளைகள்! பல, இரும்பறியாக் காலத்திலே, கல்லால் கல்லைக் கொத்தி வடித்தவை. மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட முதுமை. தட்டினால் மணியென ஒலிக்கும் பாறைகளும் உண்டு.

1892லேயே ஏடேறிய செய்தி இது. ஆயினும் 2004ல் ஆய்வாளர்கள் எச்சரித்தனர்: கருங்கல் குவாரி குன்றைக் குதறுகிறது!

சம்மட்டி பிடித்த தோழனைக் குறை கூறோம், வயிற்றுக்காக உடைக்கிறான். குத்தகை தந்தவரையும் எடுத்தவரையும் கேட்கிறோம்: அரண்மனைச் சுவரென்றால் வெடி வைப்பீரா?

அரசன் பெயரில்லை, ஆண்டவன் பெயரில்லை. உழைத்தவன் கைத்தடம் மட்டுமே உண்டு. உடைத்தால் ஜல்லி, காத்தால் சரித்திரம்!